பத்தியை உள்ளே தள்ளுவதும் பட்டியல் இடுவதும்: எந்த இடத்தில் எந்த டேக்?

இணையப் பக்கம் எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் திகைத்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். எழுத்துச் செயலியில் பழகியபடியே வரியின் தொடக்கத்தில் ஸ்பேஸ் பாரை ஐந்தாறு முறை தட்டிப் பத்தியை உள்ளே தள்ளுகிறார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் என்டர் தட்டித் தனித்தனி வரியாக எழுதுகிறார்கள். கோப்பைச் சேமித்து உலாவியில் திறந்தால், விட்ட இடைவெளி எதையும் காணவில்லை, தனித்தனியாக எழுதிய வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பத்தியாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் உலாவி தன் விதிப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

அந்த விதி எளிமையானது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் கோப்பில் அடுத்தடுத்து எத்தனை ஸ்பேஸ், எத்தனை டேப், எத்தனை வரிமுறிவு இருந்தாலும், உலாவி அவை அனைத்தையும் ஒரே ஒரு ஸ்பேஸாகச் சுருக்கிவிடும். பத்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பவற்றை முற்றாக விட்டுவிடும். இதனால் எழுதுகிறவருக்கு ஒரு வசதி கிடைக்கிறது. கோப்புக்குள் நிரல்வரிகளைத் தன் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்படி எப்படி வேண்டுமானாலும் மடித்தும் தள்ளியும் எழுதிக்கொள்ளலாம். படிக்கிறவர் காணும் பக்கத்தை அது பாதிக்காது. அப்படியானால் பக்கத்தில் தெரிய வேண்டிய இடைவெளியை உலாவிக்கு எப்படிச் சொல்வது? அந்த இடைவெளி எதற்காக என்பதைச் சொல்லும் டேக் ஒன்றை, அதாவது எழுத்தைச் சுற்றி வைக்கும் குறியைத் தேர்ந்தெடுத்து, அது எவ்வளவு என்பதை, தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் வழியாகத் தனியே சொல்ல வேண்டும்.

சிலர் இந்த விதியைத் தாண்டிச் செல்ல ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வரி முறியாத ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு. அதை உலாவி சுருக்காது. அதையே நான்கைந்து முறை அடுக்கி வைத்தால் வரி உள்ளே தள்ளியதுபோலத் தெரியும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துரு மாறினால் அந்த ஸ்பேஸின் அகலமும் மாறும். பத்தி இரண்டு வரிக்கு நீண்டால் முதல் வரி மட்டுமே தள்ளி நிற்கும், மற்றவை ஓரத்துக்கே திரும்பிவிடும். பிறகு ஒருநாள் இடைவெளியைக் குறைக்க நினைத்தால் ஒவ்வொரு பத்தியாகத் தேடிச் சென்று திருத்த வேண்டியிருக்கும். ஓர் எண்ணையும் அதன் அலகையும் வரி முறியும்போது பிரிந்துவிடாமல் ஒன்றாக வைத்திருப்பது போன்ற வேலைக்காகத்தான் அந்த எழுத்து இருக்கிறது.

எனவே தொடங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'எவ்வளவு தள்ளுவது' என்பதன்று. 'இது ஏன் உள்ளே தள்ளி நிற்க வேண்டும்' என்பதே. தாளில் அச்சிட்ட ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து விலகி நிற்கும் எழுத்துக்கு வெவ்வேறு காரணங்கள் இருப்பது தெரியும். வேறொருவரின் சொற்களை அப்படியே எடுத்துத் தருவதால் ஒரு பகுதி தள்ளி நிற்கும். பட்டியலின் உறுப்பு என்பதால் இன்னொன்று. புதிய பத்தி தொடங்குகிறது என்று காட்டுவதற்காக முதல் வரி மட்டும் தள்ளி நிற்கும். கவிதையாகவோ நிரலாகவோ இருப்பதால் இடைவெளியே உள்ளடக்கத்தின் ஒரு பகுதியாகிவிடும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை ஒவ்வொன்றுக்கும் எச்டிஎம்எல் தனித்தனி வழி வைத்திருக்கிறது.

மேற்கோளும் அதன் பெயரால் நடந்த தவறும்

பிறருடைய எழுத்திலிருந்து ஒரு பத்தியையோ பல பத்திகளையோ எடுத்து வைப்பதற்கு உரியது பிளாக்கோட் என்னும் டேக். இதற்குள் வைத்த எழுத்தை உலாவிகள் தாமாகவே இடமும் வலமும் 40 பிக்சல் அளவு உள்ளே தள்ளிக் காட்டுகின்றன. இந்தத் தோற்றமே ஒரு நீண்ட குழப்பத்துக்குக் காரணமாயிற்று. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1991-இல் எச்டிஎம்எல் டேக்குகளைப் பற்றிய முதல் விளக்கத்தை வெளியிட்டபோது, பக்கத்தின் தோற்றத்தைத் தனியே வகுத்துச் சொல்லும் மொழி எதுவும் இல்லை. சிஎஸ்எஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பத்தியை உள்ளே தள்ள விரும்பியவர்கள், எந்த டேக் அப்படிக் காட்டுகிறதோ அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். மேற்கோளே இல்லாத பத்திகள் பிளாக்கோட்டுக்குள் போயின. எந்த உறுப்பும் இல்லாத வெற்றுப் பட்டியலைத் திறந்து அதற்குள் சாதாரணப் பத்தியை வைத்தவர்களும் இருந்தார்கள்.

1999 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.01, உள்தள்ளலுக்காக மட்டும் பிளாக்கோட்டைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிட்டு அதற்கு ஸ்டைல்ஷீட்டை, அதாவது சிஎஸ்எஸ் போன்ற தோற்ற விதிகளின் தொகுப்பைப் பயன்படுத்தும்படி வெளிப்படையாகவே கூறியது. ஆயினும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. உலாவிக்குள்ளேயே எழுதித் திருத்த உதவும் சில கருவிகளில் 'உள்ளே தள்ளு' என்னும் பொத்தானை அழுத்தினால், பின்னணியில் இன்றும் பிளாக்கோட்தான் உருவாகிறது. இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பிளாக்கோட்டுக்குள் நுழையும்போது இது மேற்கோள் என்று அறிவிக்கக்கூடியது. எழுதியவரின் சொந்தக் கருத்தை அது வேறொருவரின் கூற்றாக அறிவித்துவிடும். தோற்றம் சரியாக இருந்தும் பொருள் பொய்யாகிவிடுகிறது. எனக்கு இது சிறிய குறையாகத் தோன்றவில்லை.

இடைவெளியைத் தரும் வழிகள்

மேற்கோளும் இல்லை, பட்டியலும் இல்லை, இந்தப் பத்தி சற்று விலகி நின்றால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்றால், அது முழுக்கத் தோற்றம் சார்ந்தது. அதற்கு எச்டிஎம்எல்லில் இடமில்லை, சிஎஸ்எஸில் உண்டு. பத்தியைச் சாதாரணப் பத்திக்குரிய பி டேக்குக்குள் வைத்துவிட்டு, அதற்கு ஒரு கிளாஸ் பெயர் சூட்டி, அந்தப் பெயருக்குரிய இடைவெளியை ஸ்டைல்ஷீட்டில் ஒரே இடத்தில் எழுதினால் போதும். நூறு பத்திகள் அந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும், மாற்ற வேண்டியது அந்த ஓர் எண்ணைத்தான்.

இங்கே மார்ஜின், பேடிங் என்னும் இரண்டு பண்புகள் தொடக்கநிலையாளரைக் குழப்புகின்றன. ஒவ்வொரு பத்தியையும் உலாவி ஒரு செவ்வகப் பெட்டியாகவே கருதுகிறது. பெட்டியின் எல்லைக்கோட்டுக்கு வெளியே விடும் இடம் மார்ஜின். எல்லைக்கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடம் பேடிங். பெட்டிக்கு நிறமோ கோடோ கொடுக்காதவரை, இடப்பக்கம் எதைக் கொடுத்தாலும் எழுத்து ஒரே இடத்தில்தான் நிற்கும், வேறுபாடு தெரியாது. பின்புல நிறம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் உடனே புலப்படும்: மார்ஜின் கொடுத்தால் நிறப்பெட்டி முழுவதும் நகரும், பேடிங் கொடுத்தால் பெட்டி அங்கேயே இருக்க, எழுத்து மட்டும் உள்ளே நகரும். இன்னொரு வேறுபாடு மேல் கீழ் இடைவெளியில் வருகிறது. அடுத்தடுத்த இரண்டு பத்திகளின் மேல் கீழ் மார்ஜின்கள் கூட்டப்படுவதில்லை. இரண்டில் பெரியது மட்டுமே நிற்கும். பேடிங் அப்படி ஒன்றுக்குள் ஒன்று கரைவதில்லை.

அளவைப் பிக்சலில் கொடுப்பதைவிட 'எம்' என்னும் அலகில் கொடுப்பது பெரும்பாலும் நல்லது. ஓர் எம் என்பது அந்த இடத்தில் உள்ள எழுத்தின் அளவுக்குச் சமம். ஆகவே எழுத்தின் அளவு 16 பிக்சலாக இருக்கும்போது இரண்டு எம் என்பது 32 பிக்சலாகவும், கண் தெரிவதற்காக ஒருவர் எழுத்தை 24 பிக்சலாக்கிக்கொண்டால் 48 பிக்சலாகவும் தானே விரியும். எழுத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள பொருத்தம் கெடாது. பக்கத்தை அரபு, உருது போன்று வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளிலும் தர வேண்டியிருந்தால், இடப்பக்க மார்ஜின் என்று எழுதாமல் மார்ஜின்-இன்லைன்-ஸ்டார்ட் என்னும் பண்பைப் பயன்படுத்தலாம்; வரி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தில் அது இடைவெளி விடும்.

பத்தியின் முதல் வரியை மட்டும் தள்ளுவதற்கு டெக்ஸ்ட்-இன்டென்ட் என்னும் தனிப் பண்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பத்திகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டுப் பிரிப்பது ஒரு முறை, முதல் வரியைத் தள்ளிப் பிரிப்பது இன்னொரு முறை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால், இரண்டையும் சேர்த்துச் செய்தால் பக்கம் சிதறியதுபோலத் தெரிகிறது. முதல் வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், தலைப்பை அடுத்து வரும் முதல் பத்தியை ஓரத்திலேயே நிறுத்திவிட்டு, ஒரு பத்தியைத் தொடர்ந்து வரும் பத்திகளுக்கு மட்டும் இடைவெளி கொடுப்பது புத்தக அச்சுமரபு. 'பத்தியை அடுத்த பத்தி' என்று குறிப்பிடும் வசதி சிஎஸ்எஸில் உண்டு. மற்றொன்று, இந்தப் பண்பு மரபுவழியாக உள்ளே இறங்கக்கூடியது. பக்கம் முழுவதற்குமாக பாடி டேக்கில் கொடுத்துவிட்டால், பத்திகளோடு சேர்த்துப் பட்டியல் உறுப்புகளின் முதல் வரியும் தள்ளிப்போய், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே புரியாத ஓர் இடைவெளி தோன்றும். அதைக் கண்டு பட்டியலில் பிழை தேடுகிறவர்கள் பலர். பிழை இருப்பது பக்கத்தின் உச்சியில்.

இதே பண்புக்கு எதிர்ம எண்ணையும் கொடுக்கலாம். இடப்பக்கப் பேடிங்காக இரண்டு எம்மும் டெக்ஸ்ட்-இன்டென்டாகக் கழித்தல் இரண்டு எம்மும் கொடுத்தால், முதல் வரி ஓரத்தில் நிற்க, மற்ற வரிகள் உள்ளே தள்ளி நிற்கும். அகரவரிசையில் அமைந்த நீண்ட பெயர் அட்டவணைகளுக்கு இது மிகவும் பொருந்தும். கண் ஓரத்தில் வழுக்கிக்கொண்டே சென்று பெயரைப் பிடித்துவிடும்.

கவிதையும் நிரலும் வேறு வகை. அங்கே வரி எங்கே முறிகிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை எழுதியவரே தீர்மானித்திருக்கிறார். பிரீ என்னும் டேக்குக்குள் வைத்தால் உலாவி ஸ்பேஸையும் வரிமுறிவையும் கோப்பில் உள்ளபடியே காட்டும். நிரலுக்கு இது மிகச் சரி. ஆனால் பிரீ டேக் எழுத்துருவையும் சமஅகல எழுத்துருவாக மாற்றிவிடுவதாலும், நீண்ட வரியை மடிக்காமல் திரைக்கு வெளியே போகவிடுவதாலும், கவிதைக்குச் சாதாரணப் பத்தியும் வரிமுறிவுக்கான பிஆர் டேக்கும் போதும் என்பது என் எண்ணம். பிஆர் டேக்கின் உண்மையான வேலை அதுதான்: கவிதையின் அடிகள், அஞ்சல் முகவரியின் வரிகள் என, முறிவே உள்ளடக்கமாக இருக்கும் இடம்.

பட்டியல் என்பது கட்டமைப்பு

பட்டியல்கள் எச்டிஎம்எல்லின் முதல் விளக்கத்திலிருந்தே இருப்பவை. இன்று நாம் அதிகம் பயன்படுத்துபவை இரண்டு: புள்ளிகளோடு காட்டும் யூஎல், எண்களோடு காட்டும் ஓஎல். இரண்டிலும் ஒவ்வோர் உறுப்பும் எல்ஐ என்னும் டேக்குக்குள் இருக்க வேண்டும். எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதைப் புள்ளி அழகா எண் அழகா என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. உறுப்புகளை இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் யூஎல், பொருள் கெட்டுவிட்டால் ஓஎல். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களை எந்த வரிசையில் சொன்னாலும் திரையின் நிறங்கள் அவையே. சூரியனிலிருந்து உள்ள தொலைவின்படி கோள்களைச் சொல்லும்போது புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்ற வரிசையைக் கலைத்தால் தகவலே தவறாகிவிடும்.

எண்களைக் கையாலேயே தட்டி எழுதிவிட்டால் என்ன என்று தோன்றலாம். கோள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோளுக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு பிஆர் டேக்கால் பிரித்து எழுதினால், குறுகிய திரையில் வியாழனைப் பற்றிய குறிப்பு இரண்டாம் வரிக்கு மடியும்போது, அந்த வரி எண்ணுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துவிடும். எது எண், எது எழுத்து என்று கண் தடுமாறும். ஓஎல் பயன்படுத்தினால் எண்கள் தனி நெடுவரிசையில் நிற்க, எழுத்து முழுவதும் ஒரே ஓரத்தில் ஒழுங்காக இறங்கும். நடுவில் ஓர் உறுப்பைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண்கள் தாமே சரியாகிவிடும். திரைவாசிப்பான் பட்டியலுக்குள் நுழையும்போதே எட்டு உறுப்புகள் உள்ள பட்டியல் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். கேட்கிறவர் அதைக் கொண்டு முழுவதையும் கேட்பதா, தாண்டிச் செல்வதா என்று தீர்மானிக்கலாம். கையால் எழுதிய எண்களில் இவை எதுவும் கிடைப்பதில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஓஎல் தரும் எண்கள் உள்ளடக்கத்தில் சேர்ந்தவை அல்ல என்பதால், பக்கத்துக்குள் தேடும்போது அவை அகப்படுவதில்லை.

ஓஎல்லுக்குச் சில பண்புக்கூறுகள், அதாவது டேக்குக்குள்ளேயே எழுதும் கூடுதல் குறிப்புகள், உண்டு. அறிமுகப் பாடங்களில் இவற்றை அதிகம் பேசுவதில்லை என்றாலும் பயன் பெரிது. செவ்வாய் வரை நான்கு கோள்களைச் சொல்லிவிட்டு, பட்டியலை மூடி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, மறுபடியும் வியாழனிலிருந்து தொடர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். அதன் ஓஎல் டேக்கில் ஸ்டார்ட் என்னும் பண்புக்கூறுக்கு 5 என்று மதிப்புக் கொடுத்தால் வியாழன் ஐந்தாவதாகவே நிற்கும். நெப்டியூனிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு வர விரும்பினால் ரிவர்ஸ்டு என்னும் பண்புக்கூறு 8, 7, 6 என்று எண்ணைத் தலைகீழாக்கும்; உறுப்புகளின் வரிசையை அது மாற்றாது, அதை நாமே மாற்றி எழுத வேண்டும். எண்ணின் வடிவத்தை ரோமன் எண்ணாகவோ ஆங்கில எழுத்தாகவோ மாற்றும் டைப் என்னும் பண்புக்கூறும் இருக்கிறது. சட்ட விதிகளைப் போல, 'பிரிவு சி-யின்படி' என்று அந்த எழுத்தையே சுட்டி வேறிடத்தில் பேசும் ஆவணங்களில் அதை எச்டிஎம்எல்லில் எழுதுவது முறை. வெறும் அழகுக்காக என்றால் அதை சிஎஸ்எஸிடம் விட்டுவிடலாம்.

பட்டியலுக்குள் பட்டியல் வைக்கும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. செவ்வாய்க்கு போபோஸ், டெய்மோஸ் என்று இரண்டு துணைக்கோள்கள் உண்டு. அவற்றை செவ்வாயின் கீழ் ஓர் உள்பட்டியலாகக் காட்ட வேண்டும். தொடக்கநிலையாளர் இயல்பாகச் செய்வது, செவ்வாய்க்குரிய எல்ஐ டேக்கை மூடிவிட்டு, அடுத்த வரியில் யூஎல் டேக்கைத் திறப்பது. திரையில் அது சரியாகவே தெரியும். அதனால்தான் பிழை நீண்ட நாள் கண்ணில் படாமல் இருக்கிறது. ஆனால் விதிப்படி ஓஎல், யூஎல் ஆகியவற்றுக்குள் நேரடியாக எல்ஐயைத் தவிர எழுத்தோ, பத்தியோ, வேறொரு பட்டியலோ இருக்கக் கூடாது. மூடிய எல்ஐக்கு வெளியே வைத்த உள்பட்டியல் செவ்வாய்க்கு உரியதாக ஆவதில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. சரியான முறை, எல்ஐயைத் திறந்து, செவ்வாய் என்று எழுதி, எல்ஐயை மூடாமலேயே யூஎல்லைத் திறந்து, இரண்டு துணைக்கோள்களையும் அவற்றுக்குரிய எல்ஐக்களில் வைத்து, யூஎல்லை மூடி, கடைசியாகத்தான் செவ்வாயின் எல்ஐயை மூட வேண்டும். கோப்புக்குள் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஸ்பேஸ் தள்ளி எழுதிக்கொண்டால், எந்த டேக் எதற்குள் இருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். உலாவி கண்டுகொள்ளாத அந்த ஸ்பேஸ்கள் நமக்கு உதவுவது இங்கேதான்.

இதற்கு நெருங்கிய இன்னொரு பிழையும் உண்டு. ஒரு வாக்கியத்தை பி டேக்குக்குள் தொடங்கி, நடுவில் பட்டியலை வைத்து, பட்டியலுக்குப் பின் வாக்கியத்தை முடித்து, கடைசியில் பி டேக்கை மூட நினைப்பது. எழுத்தில் அது ஒரே பத்தியாக இருக்கலாம். எச்டிஎம்எல்லில் பி டேக்குக்குள் பட்டியல் இருக்க முடியாது. யூஎல்லைக் கண்டவுடனேயே உலாவி அந்தப் பத்தியைத் தானே மூடிவிடும். பின்னால் வரும் எழுத்து எந்தப் பத்திக்கும் சேராமல் தனியே நிற்கும்; நாம் கடைசியில் எழுதிய மூடும் டேக்குக்கு இணையான திறப்பு இல்லாததால் உலாவி அங்கே ஒரு வெற்றுப் பத்தியை உருவாக்கி வைக்கும். காரணம் தெரியாத இடைவெளி ஒன்று பட்டியலுக்குக் கீழே தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது வகைப் பட்டியல் டிஎல். ஒரு பெயரும் அதற்குரிய விளக்கமும் இணை இணையாக வரும் இடங்களுக்கு, அதாவது கலைச்சொல் அகராதிகளுக்கும் கேள்வி பதில்களுக்கும் இது ஏற்றது. பெயருக்கு ஒரு டேக்கும் விளக்கத்துக்கு ஒரு டேக்கும் உண்டு. ஒரு பெயருக்குப் பல விளக்கங்களும், பல பெயர்களுக்கு ஒரே விளக்கமும் இருக்கலாம். விளக்கத்தை உலாவி 40 பிக்சல் உள்ளே தள்ளிக் காட்டும். இதையும் உள்தள்ளலுக்காகவே பயன்படுத்தியவர்கள் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளி, எண், ஓரம்

பட்டியலின் கட்டமைப்பு சரியாக அமைந்துவிட்டால் தோற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். எதுவும் சொல்லாவிட்டால் யூஎல்லின் முதல் நிலையில் நிரம்பிய வட்டமும், அதற்குள் வரும் நிலையில் வெற்று வட்டமும், அதற்கும் உள்ளே சதுரமும் தோன்றும். லிஸ்ட்-ஸ்டைல்-டைப் என்னும் பண்பு இதை மாற்றும். மார்க்கர் என்னும் போலி உறுப்பின் (கோப்பில் டேக்காக எழுதாமலே சிஎஸ்எஸில் சுட்டக்கூடிய பகுதி) வழியாகப் புள்ளிக்கோ எண்ணுக்கோ மட்டும் தனி நிறம் கொடுக்கலாம். தமிழில் எழுதுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. லிஸ்ட்-ஸ்டைல்-டைப்புக்குத் தமிழ் என்னும் பெயரையே, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், மதிப்பாகக் கொடுத்தால் ஓஎல்லின் எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களில் வரும். பத்தாவது உறுப்புக்குப் பழைய முறையிலுள்ள ௰ வராது. இடமதிப்பு முறைப்படி ௧௦ என்றே வரும்.

அ, ஆ, இ என்று உயிரெழுத்துகளால் வரிசையிட விரும்பினால் அதற்கும் வழியுண்டு. கவுண்டர்-ஸ்டைல் என்னும் விதியில் நம் எண்முறையை நாமே வகுத்து, அதற்கு ஒரு பெயரிட்டு, அந்தப் பெயரை லிஸ்ட்-ஸ்டைல்-டைப்பில் கொடுக்கலாம். பயர்பாக்ஸ் 2014-இலும், குரோம் 2021-இலும், சஃபாரி 2023-இலும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். வகுக்கும்போது ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். அகரவரிசை முறை என்று குறித்தால், ஔ வரை பன்னிரண்டு எழுத்தும் தீர்ந்த பிறகு பதின்மூன்றாவது உறுப்புக்கு 'அஅ' என்று வரும்; தமிழில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. நிலையான முறை என்று குறித்தால், எழுத்துகள் தீர்ந்தபின் 13, 14 என்று வழக்கமான எண்களுக்கு மாறிவிடும். உட்பிரிவுகள் பன்னிரண்டைத் தாண்டக்கூடிய ஆவணங்களில் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

புள்ளியே வேண்டாம் என்று லிஸ்ட்-ஸ்டைல் பண்புக்கு 'இல்லை' என்னும் மதிப்பைக் கொடுப்பவர்கள், சஃபாரியில் வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பான் அந்தப் பகுதியைப் பட்டியல் என்று அறிவிக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பட்டியல் என்று கேட்கிறவருக்கும் தெரிய வேண்டுமானால், யூஎல் டேக்கிலேயே ரோல் என்னும் பண்புக்கூறுக்கு 'லிஸ்ட்' என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, ஓர இடைவெளி. யூஎல், ஓஎல் இரண்டுக்கும் உலாவிகள் வரி தொடங்கும் பக்கத்தில் 40 பிக்சல் பேடிங் விடுகின்றன. முன்பு சில உலாவிகள் இதே இடைவெளியை மார்ஜினாக விட்டன; ஆகவே பழைய ஸ்டைல்ஷீட்டுகளில் இரண்டையும் சேர்த்துச் சுழியாக்கிவிட்டுத் தொடங்குவதைக் காணலாம். 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசித் திரையில் மூன்று நிலைப் பட்டியல் ஒன்றைக் காட்டினால், 120 பிக்சல், அதாவது திரையின் மூன்றில் ஒரு பங்கு, வெற்றிடமாகவே போய்விடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எஞ்சிய இடத்தில் வரிக்கு இரண்டு சொல்லே அடங்கும். பேடிங்கை ஒன்றரை எம் அளவுக்குக் குறைத்தால் படிக்க எளிதாகும். முழுவதுமாகச் சுழியாக்கிவிட்டால் வேறொரு சிக்கல் வரும்: புள்ளிகளும் எண்களும் எழுத்துக்கு வெளியே இடப்பக்கமாகவே வரையப்படுவதால், அவற்றுக்கு இடமில்லாமல் திரையின் விளிம்பில் வெட்டுப்பட்டு மறைந்துவிடும். பட்டியல் நூறைத் தாண்டும்போது மூன்று இலக்க எண்ணுக்கும் இடம் வேண்டும் என்பதால், ஒன்றரை எம்மும் அங்கே போதாது. இரண்டரை எம்மாவது விட வேண்டும்.

எழுதி முடித்த பக்கத்தைச் சோதிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. கணினியில் பயர்பாக்ஸின் பார்வைப் பட்டியில், பக்கத்தின் பாணி என்னும் பகுதிக்குச் சென்று, பாணி எதுவும் வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஸ்டைல்ஷீட் முழுவதும் விலகி, டேக்குகள் மட்டும் சொல்லும் தோற்றம் தெரியும். அந்த நிலையிலும் மேற்கோள் மேற்கோளாகவும், போபோஸும் டெய்மோஸும் செவ்வாயின் கீழேயும், வியாழன் ஐந்தாவதாகவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறும் அழகுக்காகத் தள்ளிய பத்திகள் அப்போது ஓரத்துக்குத் திரும்பியிருக்கும்; அவை திரும்பாமல் உள்ளேயே நின்றால், அவற்றைச் சுற்றி எந்த டேக் இருக்கிறது என்று கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.